பிடிவாத அரசனும் பேசாத அவையும்



ஈப்போவில் நடக்கும் இக்கருத்தரங்கில், நாடகத்தில் அரசனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நான் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’யிலிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ கி.மு. 441இல் ஏதென்ஸில் அரங்கேறிய துன்பியல் அது. தீப்ஸ் நகரத்தின் மீது படையெடுத்து வந்து மடிந்த பாலினைசிஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது, மீறினால் சாவு என்று புதிய அரசன் கிரேயோன் ஆணையிடுகிறான். இறந்தவனின் தங்கை ஆன்டிகனி மீறுகிறாள். அவளை உயிரோடு குகைக்குள் அடைக்கச் சொல்கிறான்.

இதைக் கிரேயோனின் பிடிவாதக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். அவனைச் சுற்றி நின்றவர்களையும் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஆணை பிறந்தபோது நகரத்து முதியோர் அங்கேதான் நிற்கிறார்கள். உனக்கு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. ஊரார் அந்தப் பெண்ணுக்காக மறைவில் அழுகிறார்கள், உங்கள் முகத்துக்கு அஞ்சி வாய் திறப்பதில்லை என்று சொன்னவன் அரசனின் மகன் ஹேமன். அவளை மணக்கவிருந்தவன். ஆகவே அவன் சொன்னதைப் பெண்ணுக்கு அடிமைப்பட்டவனின் பேச்சு என்று கிரேயோனால் தள்ளிவிட முடிந்தது. பார்வையற்ற முனிவர் டைரீசியஸ் அச்சுறுத்திவிட்டுப் போன பிறகுதான் முதியோர் துணிகிறார்கள்: முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தைப் புதை. அவனும் இணங்குகிறான். ஆனால் முதலில் பிணத்துக்குச் சடங்கு செய்துவிட்டு, அதன் பிறகே குகைக்குப் போகிறான். அவள் தூக்கிட்டு இறந்துவிட்டாள். மகனும் மனைவியும் அவளைத் தொடர்கிறார்கள்.

சிலப்பதிகாரம் காட்டும் மதுரையிலும் இதுவே நடந்தது. பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனைக் கொல்லச் சொன்னபோது, விசாரித்துப் பாருங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகே அரசனுக்கு உண்மை தெரிந்தது. பாண்டியன் தன்னையே கள்வனென ஏற்று அங்கேயே உயிர் விட்டான். கிரேயோன் உயிரோடிருந்து வருந்தினான். நம் இளங்கோ காட்டிய அரசன் அந்த அளவில் உயர்ந்தவன்.

அவை பேசினால் என்ன ஆகும்? புறநானூற்றின் 46ஆம் பாட்டைப் பாருங்கள். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடவிருந்தான். புலவர் கோவூர் கிழார் எழுந்து, நீ புறாவுக்காகத் தன்னைத் தந்தவன் மரபில் வந்தவன் என்று நினைவூட்டினார். யானையைக் கண்டு அழுகையை மறந்து, புதிய மன்றத்தை மருண்டு பார்க்கும் சிறுவர்களைச் சுட்டிக் காட்டினார். பிள்ளைகள் பிழைத்தார்கள். பகைவன் என்ற அதே காரணம்தான் தீப்ஸிலும் சொல்லப்பட்டது. அங்கே ஒரு கோவூர் கிழார் காலத்தில் எழவில்லை.

இந்த மண்ணில் இதைப் பேசும்போது சயாமுக்குப் போனவர்களை நினைக்காமல் முடியாது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர், மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். துப்பாக்கிக்கு முன்னால் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் மறுத்துப் பேச வழியில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர்கள் காட்டிலேயே குழிகளில் தள்ளப்பட்டார்கள். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இருக்கின்றன. நம்மவர் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. போர் முடிந்து, பேச எந்தத் தடையும் இல்லாத பிறகும் நாம் நெடுங்காலம் பேசாமல் இருந்தோம். அதைத்தான் குறை சொல்கிறேன். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்த மௌனத்தை உடைத்தன. ஆய்வுலகம் இன்னும் அவற்றின் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது.

தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு லயங்கள் போய்விட்டன. அங்கே இருந்தவர்கள் தாமான்களுக்குச் சிதறிவிட்டார்கள். திரும்பி வராத அப்பாவையோ அண்ணனையோ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதாகிறது. இளம் ஆய்வாளர்களே, சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் உங்கள் சொந்த வீடுகளிலும் அவர்களைத் தேடிப் போங்கள். பெயரையும் தோட்டத்தையும் எழுதி வாங்குங்கள். அடுத்த கருத்தரங்குக்குக் கட்டுரையோடு அந்தப் பெயர்களையும் கொண்டு வாருங்கள்.