தீவைச் சுற்றி ஒரு பாதை, நம்ம கண்மாயைச் சுற்றி ஒரு பாதை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் களப் பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தணிக்கை என்று காலையிலிருந்து கேட்டுக் களைத்துப் போயிருப்பீர்கள். அதனால் நாங்கள் கணக்குப் பேசப் போவதில்லை. நடக்கிறதைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க, இதுவும் நம்ம விஷயம்தான்.

போன வருஷம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு அக்கா, பேர் வேண்டாம். அவருக்குச் சர்க்கரை. "தினமும் அரை மணி நேரம் நடம்மா" என்று டாக்டர் சொல்லி மூணு மாசம் ஆகியிருந்தது. "நடக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டோம். "நடக்கிறேனே" என்றார். "எங்கே?" என்றோம். "வீட்டுக்குள்ளதான். அடுப்படியில இருந்து வாசப்படி வரைக்கும், வாசப்படியில இருந்து திரும்ப அடுப்படிக்கு."

ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "தண்ணிக்குப் போறேன், விறகுக்குப் போறேன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சும்மா நடக்கப் போறேன்னா, எங்க போற, யாரைப் பாக்கப் போறன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

நாங்கள் சமூகப் பணி படித்துப் பட்டம் வாங்கியவர்கள். எங்களுக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள். அடுத்தவர்களுக்காக ஒரு பெண் எத்தனை மைல் வேண்டுமானாலும் நடக்கலாம். தனக்காக நடந்தால்தான் கேள்வி வருகிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் ஒரு தீவைப் பற்றிப் படித்தோம். உங்க பிள்ளைங்க செல்போனில் கொரியா நாடகம் பார்க்கிறார்கள் அல்லவா, அந்தத் தென் கொரியாவுக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கிறது. ஜேஜு தீவு என்று பெயர். நாங்கள் அங்கே போனதில்லை. படித்ததையும் படத்தில் பார்த்ததையும்தான் சொல்கிறோம்.

எரிமலை கக்கிய குழம்பில் உருவான தீவு அது. நடுவில் ஹல்லா மலை நிற்கிறது. ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரம். தென் கொரியாவிலேயே அதுதான் உயரமான மலை. மலை உச்சியில், எரிமலை வாய் இருந்த பள்ளத்தில், ஒரு ஏரி இருக்கிறது. வெள்ளை மான் ஏரி என்று அதன் பெயருக்கு அர்த்தம். நம்ம கண்மாய் மாதிரியே அதுவும் மழையை நம்பிய ஏரிதான். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், இல்லையென்றால் சுருங்கிவிடும். ஏறிப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு வழியில் ஒன்பதரை கிலோமீட்டர் போக வேண்டும். ஏறி இறங்க ஒரு நாள் பொழுது சரியாகப் போய்விடும். தீவின் கரையைச் சுற்றி 234 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். ஓடுகிறவர்களும் கடற்கரைச் சாலையில் ஓடுகிறார்கள்.

இதெல்லாம் அரசாங்கம் போட்ட பாதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். இனிமேல் சொல்லப் போவதுதான் நமக்கானது.

அந்தத் தீவில் பிறந்த ஒரு பெண், சியோ மியோங்-சுக். தலைநகரில் இருபது வருஷத்துக்கு மேல் பத்திரிகையில் வேலை பார்த்தவர். ஓய்வே இல்லாத வேலை. ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிட்டு, 2006-இல் ஸ்பெயின் நாட்டுக்குப் போய், அங்குள்ள பழைய யாத்திரைப் பாதையில் 800 கிலோமீட்டர் நடந்தார். நம்ம ஊரில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறோமே, அதுபோல. திரும்பி வந்ததும், இப்படி ஒரு பாதையை நம்ம தீவிலேயே போட்டால் என்ன என்று நினைத்தார். 2007 செப்டம்பரில் முதல் பாதையைத் திறந்தார். அதன் நீளம் சுமார் 15 கிலோமீட்டர்.

புதிதாகத் தார் ரோடு போடவில்லை. மக்கள் நடந்து மறந்துபோன பழைய தடங்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். ஓரிடத்தில் ஆடுகள் போகிற தடத்தைப் பார்த்து, ஒரே ஆள் மண்வெட்டி வைத்துப் பாதை வெட்டினார். அந்தப் பாதைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வழி தெரிவதற்கு மரக்கிளைகளில் நீலமும் ஆரஞ்சுமாக ரிப்பன் கட்டினார்கள். இப்படியே ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து இன்றைக்கு 27 பாதைகள், மொத்தம் 437 கிலோமீட்டர்.

அந்தப் பாதைக்கு 'ஒல்லே' என்று பெயர். அவர்கள் பேச்சில் ஒல்லே என்றால், வீட்டு வாசலில் இருந்து தெருவுக்குப் போகிற சின்னச் சந்து. சகோதரிகளே, நம்ம அக்கா மூணு மாசமாகத் தாண்ட முடியாமல் நின்றது அந்தச் சந்தைத்தான்!

பாதை போகிற கிராமங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே கடலில் மூழ்கிச் சங்கு, சிப்பி, பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஹேன்யோ, அதாவது கடல் பெண்கள் என்று பெயர். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூழ்குவார்கள். நம்ம பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் போல. அவர்களும் குழுவாகத்தான் இயங்குகிறார்கள். எந்த நாள் கடலுக்குப் போவது, எவ்வளவு எடுப்பது என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ஓன்பியோங் என்ற கிராமத்தில் 1950-களில் பாசி விற்ற பணத்தைப் போட்டுப் பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2016-இல் யுனெஸ்கோ இவர்களுடைய பண்பாட்டை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடக்க வருகிறவர்கள் இப்போது அந்தக் கிராமங்களில் சாப்பிடுகிறார்கள், தங்குகிறார்கள். அந்தக் காசு கிராமத்திலேயே நிற்கிறது.

"அது கொரியா, நம்ம ஊருல நடக்குமா?" என்று ஒரு அம்மா கேட்பது காதில் விழுகிறது. நடந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசினார்கள், பாதையை மறித்தார்கள். ஒருத்தி ஓட்டினால் கேலி பேசலாம். ஊரே ஓட்டினால் யாரை யார் கேலி பேசுவது? லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். சந்தைக்கும் தண்ணீருக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போய் வந்தார்கள்.

அதனால் எங்கள் யோசனை இதுதான். நம்ம ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கண்மாய் இருக்கிறது, அதற்கு ஒரு கரை இருக்கிறது. அதுதான் நம்ம ஒல்லே.

முதலில், தனியாகப் போக வேண்டாம். குழுவுக்கு ஐந்து பேராவது சேருங்கள். சேமிப்புக்கு நாள் குறிக்கிற மாதிரி நடைக்கும் நேரம் குறித்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். "எங்க போற?" என்று யாராவது கேட்டால், "குழு வேலையாப் போறோம்" என்று சொல்லலாம். அதில் பொய் ஒன்றுமில்லை.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிஷமாக நடந்தாலும் கணக்குத்தான். "வயலில் குனிஞ்சு நிமிர்ற எனக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: வயல் வேலையும் கணக்கில் சேரும். ஆனால் வேலை இல்லாத மாசங்களில்? தையல் மிஷினில், பெட்டிக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு?

சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கம் வந்தால் வாயில் போட முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்து வையுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம், புண் ஆறவும் நாளாகலாம். நெஞ்சு வலித்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சைக்கிள் தெரிந்த பிள்ளைகள் தெரியாத அம்மாக்களுக்குப் பிடித்துக்கொடுங்கள். ஓட ஆசைப்படுகிற பிள்ளைகளை ஓட விடுங்கள்.

கரையில் கருவேல முள் அடைத்துக் கிடந்தால், விளக்கு இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் எழுத்தாகக் கொடுங்கள். பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுங்கள்.

கடைசியாக அந்த அக்கா. இப்போது நாலு பேரோடு காலையில் கண்மாய்க் கரையில் நடக்கிறார். சர்க்கரை போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். மாத்திரையும் நிற்கவில்லை. போன மாசம் பார்த்தபோது, "இப்பவும் கேக்குறாங்களா அக்கா?" என்று கேட்டோம். "கேக்குறாங்க. அதுல ஒருத்தி, நானும் வரட்டுமான்னு கேட்டா" என்றார்.

ஜேஜு தீவிலும் பாதை இப்படித்தான் நீண்டது. நம்ம கரையிலும் நீளும். நாளைக் காலையில் வாசப்படியைத் தாண்டுவோம், சேர்ந்து தாண்டுவோம்.