ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைக்கு அடுத்த வழி

(குருண் வட்டாரத் தோட்டப் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, அதன் முடிவு வெளிவரும் வரை சில மாதங்கள் உள்ளன. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். பல பிள்ளைகளின் தொழில் அம்மாதங்களிலேயே, எவரும் உட்கார்ந்து முடிவு செய்யாமலேயே, முடிவாகிவிடுகின்றது.

நடப்பது இதுதான். தேர்வு முடிந்ததும் பையன் தொழிற்சாலையில் தற்காலிக வேலைக்குச் செல்கின்றான். அதில் குறையில்லை, வீட்டுக்கும் உதவியாகின்றது. இரண்டாம் சம்பளம் கைக்கு வந்ததும், தந்தையின் பெயரில் தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வருகின்றது. தேர்வு முடிவு வரும்போது படிக்க மனமிருந்தாலும் தவணை விடுவதில்லை. தற்காலிக வேலை பத்தாண்டு வேலையாகிவிடுகின்றது.

நம் குருண் முன்போல் இரப்பரை மட்டும் நம்பிய ஊரன்று. 1996இல் கிரிஸ் மோட்டார் சைக்கிளை வெளியிட்ட மோடனாஸ் தொழிற்சாலை இங்குதான் உள்ளது. பெட்ரோனாஸ் உரத் தொழிற்சாலையும் இங்கேயே. தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு யூரியாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அது இயற்கை எரிவாயுவிலிருந்து உண்டாவது. வாயுவிலிருந்து முதலில் அம்மோனியா. அதனுடன் கரியமிலவாயு சேர, யூரியா. மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் நடைபெறும் வேலை அது. அத்தகைய ஆலையில் மூட்டையை அடுக்கவும் ஆள் தேவை. அழுத்தமானியைப் பார்த்து வால்வைத் திருப்பவும் ஆள் தேவை. முன்னவருக்கு உடல்வலிமை போதும். பின்னவரிடம் சான்றிதழ் கேட்பார்கள். இருவர் சம்பளமும் ஒன்றல்ல.

அச்சான்றிதழ் எட்டாக்கனி என்று நினைத்துவிட வேண்டா. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமில்லை. மலாய் மொழி எழுதப் பேசத் தெரிந்தால் போதும். மின்னியல், பற்றவைப்பு, குளிர்சாதனம், வாகனப் பழுதுபார்ப்பு எனத் துறைகள் பல. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் பயில்வோர் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.

“பையன் சம்பாதிக்காவிட்டால் அடுப்பெரியாதே!” என்று கேட்கும் தாய்மாருக்கு 2005இல் தொடங்கப்பெற்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறையைச் சொல்வேன். அதில் பயிற்சியின் பெரும்பகுதி, நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை, வேலையிடத்திலேயே நடைபெறுகின்றது. எஞ்சியது வகுப்பறையில். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. வீட்டு நெருக்கடி மிகுந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நல்ல தேர்ச்சி பெற்றோர் ஆறாம் படிவம் சென்று எஸ்.டி.பி.எம். எழுதலாம், செலவு குறைவு, உழைப்பு மிகுதி. பல்தொழில்நுட்பக் கல்லூரிகள் நம் கெடாவிலேயே உள்ளன: ஜித்ராவில் ஒன்று, 1984இல் தோன்றியது, கூலிமில் மற்றொன்று. பெண்பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர், விடுதி வசதியை முதலில் நேரில் பார்த்து வாருங்கள். தயக்கம் பாதி குறையும். விண்ணப்பம் யு.பி.யு. இணையவழியே. காலக்கெடு குறுகியது; அண்டை வீட்டார் சொல்லும் வரை காத்திருந்தால் தவறிவிடும்.

மலாய் மொழியிலோ வரலாற்றிலோ தவறியவர்களுக்கு ஒரு சொல். 2013 முதல் அவ்விரண்டிலும் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. ஆனால் அப்பாடங்களை மட்டும் மீண்டும் எழுதலாம். வெட்கப்பட்டு வீட்டில் முடங்குவதைவிட அது எளிது.

ஆகவே மாணவர்களே, தற்காலிக வேலைக்குச் செல்லுங்கள்; மோட்டார் சைக்கிளை மட்டும் முடிவு வரும் வரை தள்ளி வையுங்கள். முதற்சம்பளத்தில் ஒரு பகுதியை விண்ணப்பச் செலவுக்கும் பயணத்திற்கும் ஒதுக்குங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்களை இப்போதே எடுத்து, பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரை இந்த வாரத்திலேயே பெற்றோருடன் சென்று காணுங்கள்.