கடற்பாசியும் பல் வைத்தியமும்

(வானகரத்தில் நடைபெற்ற பல் வைத்திய முகாமையொட்டி, மகளிர் குழுக்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல் கட்டிக்கொள்ள வந்தவர்களின் வாயில் வைத்தியர் ஒரு தட்டிலே களிபோன்ற பொருளை வைத்து அழுத்தி, சில நிமிடங்களில் அதை எடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். பல்லும் ஈறும் அதில் அப்படியே பதிந்திருக்கும். அந்த அச்சில் கல்மாவை வார்த்து, அதன்மேல்தான் செயற்கைப் பல்லை அமைக்கிறார்கள். அந்தக் களியின் உயிர்ப்பொருள் கடலில் விளைவது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, மதுரவாயல் என்று இருபுறமும் பல் மருத்துவக் கல்லூரிகள் அமைந்துள்ள இவ்வூருக்குக் கடல்மீன் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. அதே கடலிலிருந்து பல் வைத்தியத்துக்கும் ஒரு பொருள் வருகிறது என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கலாம்.

இராமநாதபுரம் கரையோரத்தில் பாறைகளைப் பற்றி வளரும் பழுப்புநிறப் பாசிகளில் ஒன்றைக் கட்டைக்கோரை என்றும், மற்றொன்றைப் பக்கோடாப் பாசி என்றும் அங்குள்ளோர் அழைக்கின்றனர். விஞ்ஞானிகள் முறையே சர்காசம், டர்பினேரியா என்பர். தாவர நூலார் பாசியைச் செடி இனத்திலிருந்து பிரித்து வைப்பதுண்டு. நமக்கு இப்போதைக்கு அது கடலில் முளைக்கும் செடி என்று கொண்டால் போதும். இப்பாசிகளை உலர்த்தி, சோடா உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சூடாக்கி, வடிகட்டிப் பிரித்தெடுக்கும் பொருளுக்கு ஆல்ஜினேட் என்று பெயர். 1881-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஸ்டான்போர்டு என்னும் இரசாயன அறிஞர் பாசியிலிருந்து இதைப் பிரிக்கும் வழியைக் கண்டார்.

வெந்தயத்தை நீரில் ஊறவைத்தால் வழவழப்பு ஏற்படுவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். மிக நீண்ட சங்கிலிபோன்ற மூலக்கூறுகள் நீரை உறிஞ்சிக்கொள்வதால் உண்டாவது அது. ஆல்ஜினேட்டும் அவ்வகைச் சங்கிலியே. ஆனால் அதற்கு ஒரு தனிக்குணம் உண்டு. சுண்ணாம்புச் சத்து வந்து சேர்ந்தவுடன் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் கைகோத்து, நீரையும் உள்ளடக்கிய ஒரு வலையாகி இறுகிவிடுகின்றன. பல் அச்சுப் பொடியில் ஆல்ஜினேட்டுடன் ஜிப்சமும், நுண்மண்ணும், சிறிதளவு பாஸ்பேட்டு உப்பும் கலந்திருக்கின்றன. ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்பைப் பாஸ்பேட்டு முதலில் பிடித்துக்கொள்வதனாலேதான், குழைத்துத் தட்டில் இட்டு வாயில் வைக்கும் வரை வைத்தியருக்கு அவகாசம் கிடைக்கிறது. பாஸ்பேட்டு தீர்ந்ததும் களி இறுகிவிடும். வெந்நீரில் குழைத்தால் அவகாசம் குறையும். குளிர்ந்த நீரில் கூடும். நம் கோடைக்காலத்தில் குழாய்த் தண்ணீரே வெந்நீர் போலிருப்பதைக் கிராமப் பல் வைத்தியர்கள் மறக்கலாகாது. அச்சு எடுத்தவுடன் கல்மாவை வார்த்துவிட வேண்டும். காற்றில் வைத்தால் நீர் வற்றி அச்சு சுருங்கும். சுருங்கிய அச்சில் செய்த பல் வாயில் பொருந்தாது. பின்னர் அதன் பழி பல் கட்டியவர் தலையில் விழும்!

இப்பொடி பரவியதற்கு ஒரு யுத்தம் காரணமாயிற்று. அதற்குமுன் ஜப்பானிலிருந்து வந்த அகர்-அகர் என்னும் மற்றொரு பாசிப் பொருளால் அச்சு எடுத்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றது. மாற்றுத் தேடியவர்கள் ஆல்ஜினேட்டைக் கைக்கொண்டார்கள். போர் முடிந்த பின்னும் அது நிலைத்துவிட்டது.

மரத்துப் பாலும் பல்லுக்கு உதவுகிறது. மலேயா நாட்டு மரமொன்றின் பாலை உறையவைத்துப் பெறும் கட்டாபெர்ச்சா என்னும் பிசினை, சிங்கப்பூரில் பணிபுரிந்த மான்ட்கோமரி என்னும் வைத்தியர் 1843-இல் ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் புகழ்பெற்ற அப்பிசின், இன்று பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்தபின் அடைக்கும் பொருளாக உலகெங்கும் விளங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பருக்கு இது உடன்பிறப்பு. மூலக்கூறின் முறுக்கு மட்டுமே வேறு. சொத்தை விழுந்தால் பிடுங்கியே தீர வேண்டும் என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

எலும்புக்கு வருவோம். பிரேசில் நாட்டில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியெரிசே என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் ஆமணக்கெண்ணெயிலிருந்து எலும்புக் குறையை நிரப்பும் ஒரு பிசினை உருவாக்கினர். ஆமணக்கெண்ணெயின் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம். வேறு பொருளுடன் பிணைந்து வலையாகும் பிடிப்பு அதற்கு இயல்பிலேயே உண்டு. சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் உழவர்க்கு இப்பயிர் அந்நியமன்று. எனினும் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முறிந்த எலும்பின்மேல் விளக்கெண்ணெயைத் தடவிக் கட்டினால் எலும்பு கூடாது. ஆராய்ச்சிக்கூடத்தில் மாற்றமடைந்த பிசின் வேறு, செக்கிலாட்டிய எண்ணெய் வேறு. முறிவு என்று ஐயமிருந்தால் எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். ஆல்ஜினேட் களியில் எலும்பின் தாதுப்பொருளைக் கலந்து குறையை நிரப்பும் முயற்சியும் நடந்துவருகிறது. அதில் பெரும்பகுதி இன்னும் ஆராய்ச்சி நிலையிலேதான் உள்ளது.

இனி, பாசியைச் சேகரிக்கும் பெண்களைப் பற்றி. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி அவர்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசியைப் பறிக்கிறார்கள். பவளப்பாறையும் சிப்பியும் கையைக் கிழிக்கும். அங்குள்ள 21 தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடல்வளம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் தலைமுறையாகப் பாசி பறித்தவர்களின் பிழைப்பு அதனால் கேள்விக்குறியாயிற்று. அப்பெண்கள் அழுது ஓய்ந்துவிடவில்லை. பறிக்கும் நாட்களை மாதத்திற்கு 12 என்று தாமே வரையறுத்துக்கொண்டார்கள். அவர்களுள் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காப்போர்க்குரிய சீக்காலஜி பரிசு கிடைத்தது. எழுதிய சட்டத்தைவிட இத்தகைய கட்டுப்பாடு பலமானது என்பது என் கருத்து.

2021-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இதைக் கேட்டு, மண்டபம் பக்கத்து மிதவைகளில் வளரும் பாசியிலிருந்தே பல் அச்சுப் பொடி செய்யலாமே என்று நம் குழுச் சகோதரிகள் சிலர் வினவினார்கள். முடியாது. மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்னும் பாசி தருவது காரஜீனன் என்னும் வேறு பொருள். ஆல்ஜினேட்டுக்குக் கட்டைக்கோரையும் பக்கோடாப் பாசியுமே வேண்டும். இவற்றைக் கடலில் அழிக்காமல் பயிரிடும் முறை கைவந்தால்தான் தொழில் பெருகும். வாயில் வைக்கும் பொடிக்கு வேண்டிய தூய்மையும் சாதாரணமானதன்று. மணலும் உப்பும் கலந்த சரக்கைத் துணி அச்சுப் பசைக்கு விற்கலாம், வைத்தியருக்கு விற்க இயலாது. ஆகவே கூட்டுறவு அமைக்க விரும்புவோர் முதலில் பாசியைக் கழுவி உலர்த்தும் சிமெண்டுத் தளத்துக்கும், ஒரு சிறு பரிசோதனைக் கூடத்துக்கும் மனுச் செய்வார்களாக. பொடி அரைக்கும் இயந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.