வழிகாட்டியும் கடைசி வண்டியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோட்டார் சைக்கிளில் தூரதேசப் பிரயாணம் செய்வதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசியார் எம்மைக் கேட்டுக்கொண்டார். இப்பொருள் குறித்து நம்மவர் இல்லங்களில் இந்நாளில் ஓயாத வழக்கொன்று நடந்துவருகின்றது. போய்வர விடை தருக என்பர் பிள்ளைகள். வேண்டவே வேண்டாம் என்பர் பெற்றோர். இவ்விரு திறத்தாருக்கும் நடுவே நின்று யாம் சொல்லக் கருதியது ஒன்றுண்டு. அதனை முறையே கூறுவோம்.

பெற்றோரது அச்சம் வீண் அச்சமன்று. 2022-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நம் இந்திய தேசத்துச் சாலைகளில் விபத்தினால் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கத்தின் அறிக்கை கூறுகின்றது. அவருள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியிற் சென்றவர். தலைக்கவசம் அணியாது சென்று உயிர் துறந்தோர் 50,029 பேர். இக்கணக்கைப் படித்த எந்தத் தாய்தான் மகன் கையில் வண்டியின் சாவியை மனமுவந்து கொடுப்பாள்?

பிள்ளைகளின் ஆசையும் பழிக்கத்தக்கதன்று. பல தேசங்களைக் கண்டு, பல மாந்தரோடு பழகி, தன் ஊரே உலகமன்று என்று தெளிதல் இளமையிற் பெறவேண்டிய கல்வியாகும். ஆயின் அவர்கள் கூறும் ஒரு வார்த்தை மட்டும் எமக்கு உடன்பாடன்று. கையிலுள்ள தொலைபேசியில் தேசப்படம் இருக்கையில் வழிகாட்டி எதற்கு, அவனுக்குக் கூலி எதற்கு, பிறன் பின்னே செல்வது ஆண்மைக்கு அழகோ என்று வினவுகின்றனர். இவ்வினாவுக்கு விடை கூறவே யாம் இன்று எழுந்தோம்.

யாம் எண்மர், ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள மொரோக்கோ நாட்டில், அந்நாட்டினரான வழிகாட்டி ஒருவரது தலைமையில் பத்து நாள் மோட்டார் சைக்கிளிற் சுற்றிவந்தோம். மராக்கேஷ் என்னும் பழம்பதியிற் புறப்பட்டு, அட்லஸ் மலையைக் கடந்து, சஹாராப் பாலைவனத்தின் ஓரத்தைத் தொட்டு, வடக்கே ஃபெஸ் நகரத்தில் முடிந்தது எமது வழி. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேற்படும். நம் நாட்டிலே இரண்டு நாளில் ஓடிவிடக்கூடிய தூரமே என்று இளைஞர் நகைப்பர். பத்து நாள் ஏன் வேண்டியிருந்தது என்பதைக் கேட்டபின் நகைப்பாராக.

மராக்கேஷ் 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த நகரம். அதன் மதில் செம்மண்ணால் ஆயது. மாலை வெயிலில் நகர் முழுவதும் சிவந்து தோன்றும். 12-ஆம் நூற்றாண்டிற் கட்டிய குதுபிய்யாப் பள்ளிவாசலின் கோபுரம் சமவெளியிற் வெகுதூரத்திலிருந்தே கண்ணுக்குப் புலனாகும். புறப்படுமுன் வழிகாட்டி எங்களை அந்நகரின் வெளியே ஒரு மரத்தடியில் நிறுத்தி இரண்டு செய்திகளைக் கூறினார்.

முதலாவது, அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறமாகச் செல்வன என்பது. நாமோ இடப்புறம் செல்லும் பழக்கமுடையோம். நெரிசல் மிக்க தெருவில் இது மறவாது. முன்னே செல்லும் வண்டியே நினைவூட்டும். ஆளற்ற சாலையில் இளைப்பாறிவிட்டு மீளப் புறப்படும்போதுதான் கை பழைய பழக்கப்படி இடப்புறம் திரும்பும். ஆதலின் ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் அவர் வலக்கையை உயர்த்திக் காட்டினார். பத்து நாளும் இதனை ஒருமுறையேனும் மறந்தாரல்லர்.

இரண்டாவது, வரிசையின் ஒழுங்கு. வழிகாட்டி எப்போதும் முதல்வர். பழுத்த அனுபவமுள்ள மற்றொருவர் எப்போதும் கடைசி. அவருக்கும் பின்னே கருவிகளும் தண்ணீரும் மூட்டைகளும் ஏற்றிய கார் ஒன்று வரும். இடைப்பட்ட எண்மருக்கும் நிலையான இடமில்லை. சாலை பிரியுமிடத்தில் வழிகாட்டி கையாற் சுட்டிக் காட்டுவார். அவர்க்கு அடுத்து வருபவன் அவ்விடத்தே நின்றுவிட வேண்டும். பின்வருவோர்க்கெல்லாம் வழி காட்டி, கடைசி வண்டி கண்ணுக்குத் தெரியுமட்டும் அவன் அங்கிருந்து அசைதலாகாது. அது வந்தபின் அதற்கு முன்னாகச் சேர்ந்துகொள்வான். அடுத்த பிரிவில் நிற்பவன் அப்போது இரண்டாவதாய் வருபவன். இங்ஙனம் ஒரு நாளில் எல்லோரும் முன்னவராவர், எல்லோரும் பின்னவராவர், எல்லோரும் ஒரு முறையேனும் பிறர்க்காகத் தெருவில் நிற்பர்.

இவ்வேற்பாட்டின் நன்மையைச் சற்றே சிந்தியுங்கள். முன்னே செல்பவனைத் தவறவிடுவோமோ என்னும் அச்சம் எவர்க்கும் இல்லை. அவ்வச்சமே பெரும்பாலும் வேகத்திற்குக் காரணம். கூட்டமாகச் செல்வோருள் மெதுவாகச் செல்பவன் தன் திறமைக்கு மிஞ்சி விரட்டுகின்றான், வளைவிலே விழுகின்றான். பிரிவுதோறும் ஒருவன் தனக்காக நிற்பான் என்று அறிந்தவனோ தன் அளவுக்கேற்ற வேகத்திற் செல்வான். எவனேனும் வரக் காணோமாயின், வழிகாட்டி நின்றவர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, எந்த இரண்டு பிரிவுகளுக்கிடையே அவன் தங்கினான் என்பதைக் கண்டுகொள்வார். இச்சிறு விதியில் எத்துணை அறிவு அடங்கியிருக்கின்றது!

மராக்கேஷிலிருந்து தெற்கே செல்லும் சாலை டிஷ்கா என்னும் கணவாயில் 2,260 மீட்டர் உயரம் ஏறுகின்றது. எம்முள் அறுபது வயது கடந்த அன்பர் ஒருவர் இருந்தார். அவர் ஏறிவர வெகுநேரம் சென்றது. இருபத்து நான்கு வயதுப் பிள்ளை ஒருவன் அவர்க்காகக் குளிர்காற்றில் நாற்பது நிமிஷம் ஒரு பிரிவில் நின்றான். முதல் நாள் முகம் சுளித்தான். மூன்றாம் நாள் தானே இரண்டாம் இடத்தைத் தேடி வந்து நிற்கலானான். வீட்டிலே எத்தனை முறை உபதேசித்தாலும் வாராத பொறுமை அது.

இம்மலைத்தொடரில்தான் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் இரவு 6.8 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தது. 2,900-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாறைகள் உருண்டு மலைச்சாலைகள் அடைபட்டமையால் பல ஊர்களுக்குக் கழுதை மேலேற்றியே உணவு கொண்டுபோயினர். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தின்மல் பள்ளிவாசலும் பெரிதும் சிதைந்தது. அத்தகைய நிலத்தில் எந்தச் சரிவு இன்னும் உறுதிப்படவில்லை, எந்த ஊரில் எவர் வீட்டில் உணவு கிடைக்கும் என்பவற்றைத் தேசப்படம் சொல்லாது. ஆண்டு முழுவதும் அவ்வழியே சென்றுவருபவனே சொல்லவல்லான். வழிகாட்டிக்கும் ஊர்க்காரர்க்கும் நாம் கொடுக்கும் பொருள் இழந்தவர் மீண்டும் சுவர் எழுப்ப உதவுவதாகும். அதனைக் கூலி என்று இழிவாக எண்ணுதல் தகாது.

மலைக்கு அப்பால் ஆற்றங்கரையில் ஐத் பென்ஹத்து என்னும் மண்கோட்டை ஊர் உளது. 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய மாடங்கள் அவை. மழைக்குப்பின் பூசாது விட்டால் சில ஆண்டுகளிற் கரைந்துபோம். கிழக்கே செல்லச் செல்ல மலை பிளந்து தோத்ரா என்னும் இடுக்காகின்றது. இருபுறமும் ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுள்ள பாறைச் சுவர், நடுவே ஒரு சிற்றாறு, அதனருகே சாலை.

இப்பிரதேசத்தில் ஒருநாள் மலைமேல் மேகம் கறுத்தது. யாம் கடக்கவேண்டிய ஆற்றிலோ ஒரு துளி நீருமில்லை, வெயில் காய்ந்தது. வழிகாட்டி எங்களைத் திருப்பித் தொண்ணூறு கிலோமீட்டர் சுற்றுவழியே அழைத்துச் சென்றார். மழை பெய்யுமிடம் வேறு, வெள்ளம் வருமிடம் வேறு என்பது பாலைநிலத்தின் இயல்பு. 2024 செப்டம்பரில் அந்நாட்டின் தென்பகுதியிற் பெய்த பெருமழையில், ஐம்பது ஆண்டுகள் வறண்டிருந்த இரிக்கி ஏரியில் நீர் நின்றது. மறுநாள் எம்மவர் ஒருவர், "வெள்ளம் வந்ததா?" என்று வினவினார். "விசாரிக்கவில்லை. வராதிருந்தாலும் நாளை மேகம் கண்டால் இப்படியே திருப்புவேன்" என்றார் வழிகாட்டி. தன் தீர்ப்பு சரியாயிற்றா என்று மெய்ப்பிக்கும் விருப்பமே அவரிடம் இல்லை. இவரை நம்பி எங்கும் செல்லலாம் என்று அன்றே துணிந்தோம்.

பாலைவனத்தின் வாயிலில் ரிஸ்ஸானி என்னும் ஊர் உளது. அதன் அருகே சிஜில்மாஸா என்னும் மாநகரின் இடிபாடுகள் கிடக்கின்றன. 8-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்நகரிலிருந்தே ஒட்டக வரிசைகள் சஹாராவைக் கடந்து தெற்கே உப்பைக் கொண்டுபோய்ப் பொன்னைக் கொண்டுவந்தன. இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவரை நினைவுகூர்தல் வேண்டும். மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-இற் பிறந்த இப்னு பதூதா, இலங்கையைக் கண்டு, கடலிற் கலம் உடைந்து, சோழமண்டலக் கரையேறி, சுல்தான்கள் ஆண்ட மதுரையை நேரிற் பார்த்தவர். தாயகம் மீண்ட பின்னர், 1352-இல் இதே சிஜில்மாஸாவிலிருந்து பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்டார். அங்கே அவர் தங்கிய வீடு, முன்னர்ச் சீனத்தில் தாம் சந்தித்த ஒருவருடைய சகோதரரது வீடு என்பர்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உலகைச் சுற்றிய அவரும் அப்பாலையைத் தனித்துக் கடக்க முற்படவில்லை. வணிகர் கூட்டம் தக்ஷீஃப் எனப்படும் ஒருவனைக் கூலிக்கு அமர்த்துமாம். அவன் முன்னே தனியாய்ச் சென்று எதிர்க்கரை ஊரார்க்குக் கடிதம் கொடுப்பான். அவர்கள் நான்கு நாள் வழி தண்ணீருடன் எதிர்வந்து கூட்டத்தைக் காப்பர். அவன் வழியில் மாண்டால் பின்வருவோரும் மாள்வர். இப்னு பதூதாவின் கூட்டத்திற்கு அமைந்தவனுக்கு ஒரு கண் குருடு. மற்றொரு கண்ணும் நோயுற்றது. ஆயினும் அவனைப்போல வழியறிந்தவர் இலர் என்று வியந்து எழுதியிருக்கின்றார். அவனுக்குக் கொடுத்தது நூறு மித்கால் பொன். உலகம் சுற்றிய பேரறிஞர் ஒற்றைக்கண்ணன் பின்னே செல்ல நாணவில்லை. நம் பிள்ளைகள் நாணுவது ஏன்?

ரிஸ்ஸானிக்கு அப்பால் மெர்சூகாவில் எர்க் ஷெபி என்னும் மணற்குன்றுகள் 150 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. சஹாரா முழுவதும் மணலே என்று கருதுவோர் பலர். அதில் நாலில் ஒரு பங்கே மணற்பரப்பு; எஞ்சியவை கல்லும் சரளையும் பாறையும். மணலில் வண்டி செலுத்துவது தார்ச்சாலைப் பழக்கத்திற்கு முற்றும் மாறானது. முன்சக்கரம் அலையும்போது அஞ்சி வேகத்தை அடக்கினால் சக்கரம் புதைந்து வீழ்வோம். சக்கரத்தையே பார்த்தாலும் வீழ்வோம். டயரின் காற்றைக் குறைத்து, மிதிகளின் மேல் எழுந்து நின்று, உடற்பாரத்தைப் பின்னே வைத்து, பார்வையைத் தூரத்தே நாட்டிச் சீராகச் செல்லவேண்டும். இதனைக் கற்பிக்க வழிகாட்டி அரைநாள் செலவிட்டார். பத்து நாள் ஏன் என்றதற்கு இது ஒரு விடை.

அங்கிருந்து வடக்கே பேரீச்சந் தோப்புகள் நிறைந்த ஸீஸ் பள்ளத்தாக்கின் வழியே மீண்டும் மலையேறினோம். மணலிற் புறப்பட்டவர் தேவதாரு வனத்தை அடைந்தோம். அங்கே வாலில்லாக் குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. அருகிலுள்ள இஃப்ரான் ஊரில் 1935-இற் பதிவாகிய பூஜ்யத்திற்குக் கீழ் 23.9 டிகிரிக் குளிரே ஆப்பிரிக்காவின் மிகக் கடுங்குளிர் என்பர்.

ஈற்றில் ஃபெஸ் நகரம். 859-இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்னும் பெண்மணி நிறுவியதாகக் கூறப்படும் கரவிய்யீன் பள்ளி இன்றும் அங்கே கல்விச்சாலையாக விளங்குகின்றது. பழநகரத்தின் சந்துகள் ஆயிரக்கணக்கின. பல இடங்களில் இருவர் எதிரெதிர் செல்ல இயலாது. தோல் பதனிடுவோர் சுண்ணாம்பும் புறாவின் எச்சமும் கலந்த தொட்டிகளில் இறங்கி நின்று பழைய முறைப்படியே தொழில் செய்கின்றனர். மோட்டார் வண்டிக்கு அங்கே இடமில்லை. கழுதையும் கோவேறு கழுதையுமே பாரம் சுமக்கும். எங்கள் வண்டிகளை வாயிலில் நிறுத்தினோம். பாலையையும் மலையையும் கரதலப் பாடமாக அறிந்த எம் வழிகாட்டி, அந்நகரத்தைச் சேர்ந்த வேறொரு வழிகாட்டியிடம் எங்களை ஒப்புவித்துத் தாமும் எங்களுடன் அவர் பின்னே நடந்தார். தாம் அறியாத இடத்திற் பிறர்பின் செல்வதும் வழிகாட்டியின் இலக்கணமே போலும்.

இனி முடிவாக இரு திறத்தாருக்கும் சில வார்த்தைகள். பெற்றோர்களே, போகாதே என்னும் ஒரு சொல் பிள்ளையை வீட்டில் நிறுத்தாது. சொல்லாமற் போகச் செய்யும். அதனினும் சில கேள்விகளைக் கேளுங்கள். முன்னே செல்பவர் யார்? அவர் அந்நிலத்தைச் சேர்ந்தவரா? கடைசியாக வருபவர் யார்? ஒரு நாளைக்கு எத்தனை தூரம்? இருள் சூழுமுன் தங்குமிடம் சேர்வார்களா? இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் விலக்கப்படாதிருக்கின்றதா? இவற்றுக்கு நேரான விடை வந்தால் ஆசி கூறி அனுப்புங்கள், வாராவிடில் நிறுத்துங்கள்.

இளைஞர்களே, மொரோக்கோ செல்லப் பொருளும் காலமும் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ நால்வராகப் போகிறீர்கள் அல்லவா? அன்றே இவ்விதியைக் கைக்கொள்ளுங்கள். வழியறிந்தவன் முன்னே செல்க. வண்டியோட்டுவதில் தேர்ந்தவன் கடைசியில் வருக. சாலை பிரியுமிடந்தோறும் ஒருவன் நிற்க. நால்வரும் தலைக்கவசம் அணிக. இதற்குப் பொருட்செலவில்லை. மாலையில் நால்வரும் வீடு திரும்புவதைக் காணப் பெற்றோர் வாயிலில் நிற்கின்றனர் என்பதை மறவாதிருங்கள்.