ஐந்நூறு ரூபாயும் ஒரு பை ரத்தமும்



வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன் நான். மரபணு நோய் பற்றிப் பேச டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம், என்னைக் கூப்பிட்டுட்டீங்க.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு. கடும் தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். கல்லூரி மூடியாச்சு, ரத்ததான முகாம் நின்னுபோச்சு, பஸ் இல்லை. ஏப்ரலிலிருந்து மூன்று மாதம் ஜன்தன் கணக்கில் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. எண்ணிக் கொடுத்தேன். காலனியிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டாங்க: "சார், இந்தக் காசுக்கு ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கார் வருமா?"

எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் பைக்கில் போய் ரத்தம் கொடுத்தார்கள். பைக்காகக் காத்து நின்ற வரிசையில் எல்லாச் சாதியும் இருந்தது. ரத்தத் தூய்மை பேசி நம்மைத் தெருவுக்குள் விடாதவன்கூட, பையில் பிரிவை மட்டும்தான் பார்த்தான்.

தலசீமியா தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வருவது. மருமகளை மட்டும் ஏசுகிற வீடுகளில் இதைச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா, ஹீமோஃபீலியா, அரிவாள் செல் நோய் மூன்றும் உண்டு. (நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல்லை 1952லேயே கண்டு எழுதிட்டாங்க!) சான்றிதழுக்கு அலைகிற குடும்பத்தோடு கூடப் போங்க. வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கு. பெயர், ரத்தப் பிரிவு, போன் நம்பர் எழுதிட்டுப் போங்க.