கம்பி கழற்றியாச்சு, பிளேட்டை மறந்துடாதீங்க
(கிராமக் குடும்ப நலக் கூட்டங்களில் பேசும் உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றாலே கர்ப்பம், தடுப்பூசி, ஆபரேஷன் இதைத்தான் பேசுவார் என்று பின்னால் இரண்டு பேர் எழுந்து போகப் பார்க்கிறீர்கள். உட்காருங்கள். இன்றைக்குப் பேச்சு பல்லைப் பற்றி. அதுவும் கம்பி போட்டு நேராக்கிய பல்லைப் பற்றி.

முன்பெல்லாம் எத்துப்பல், தெத்துப்பல் இருந்தால் "ஆண்டவன் கொடுத்தது" என்று விட்டுவிடுவோம். இப்போது அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டிலும் கம்பி போடுகிறார்கள். திருச்சுழிப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீட்டிலும் போடுகிறார்கள். மாதாமாதம் மதுரைக்குப் பஸ் ஏறி, ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று அலைந்து, ஆட்டை விற்றுப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். கம்பியைக் கழற்றுகிற அன்று அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, ஆடு விற்ற வருத்தமெல்லாம் போய்விடும். அன்றைக்கே டாக்டர் ஒரு பிளேட்டைக் கையில் கொடுத்து, "இதைப் போட்டுக்கிட்டே இருக்கணும்" என்பார். ரிட்டெயினர் என்பது அதன் பெயர். நம்ம ஜனங்கள் பிளேட்டு என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

அங்கேதான் சறுக்குகிறோம். "கம்பியே கழற்றியாச்சு, இனிமே இது எதுக்கு?" என்று பிளேட்டைப் பீரோவில் வைத்துவிடுகிறோம்.

பல் என்பது எலும்பில் அடித்த ஆணி இல்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் மெல்லிய நார்கள். கம்பி மெதுவாக நெருக்கும்போது, நெருக்குகிற பக்கத்து எலும்பு கரைகிறது, மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது இப்படித்தான். ஆனால் கம்பியைக் கழற்றுகிற நாளில் அந்தப் புது எலும்பு இறுகியிருக்காது. வேரைச் சுற்றிய நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதம் ஆகும். ஈற்றில் இருக்கிற சில நார்கள் ஒரு வருஷம் வரைக்கும் பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும்.

நம்ம கரிசல்காட்டில் வேலிக்கல் ஊன்றுகிறோம். மழை பெய்தால் மண் உப்புகிறது, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது. ஊன்றின கல்லுக்கு முட்டுக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளேட்டு அந்த முட்டுதான்.

நான் பார்த்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். பெண்ணுக்குக் கம்பி கழற்றி மூன்றாம் மாதம் கல்யாணம் நிச்சயமானது. தாயார் பயந்துவிட்டார். "பிளேட்டோட போனா மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நெனைப்பாக? பொய்ப்பல்லுன்னு சொல்லிருவாகளே!" என்று பிளேட்டைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். பெண்ணும் புகுந்த வீட்டில் வாயே திறக்கவில்லை. ஆறு மாதத்தில் முன்பல் ஒன்று திரும்பிவிட்டது. வாயைப் பொத்திப் பொத்திச் சிரிக்க ஆரம்பித்தாள். என்ன குறையோ, நம்மைப் பிடிக்கவில்லையோ என்று புருஷனுக்கு உள்ளுக்குள் வேதனை. கடைசியில் ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பையன் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது: "இம்புட்டுதானா? நான் ராத்திரி கண்ணாடியைக் கழற்றி வைக்கிறேன், நீ பிளேட்டை மாட்டிக்க!" இருவரும் சேர்ந்துதான் மறுபடி டாக்டரிடம் போனார்கள். பழைய பிளேட்டு பல்லில் உட்காரவே இல்லை. திரும்பக் கம்பி போட்டு, ஏழு மாதம் கழித்துப் புதுப் பிளேட்டு. செலவு இரண்டாம் தடவை.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்களே, மறைக்காதீர்கள். இது நோய் இல்லை, பொய்ப்பல்லும் இல்லை. மாமியார்மார்களே, மருமகள் டப்பாவிலிருந்து பிளேட்டை எடுத்தால் அக்கம்பக்கத்தில் பேச்சாக்காதீர்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இதே கதைதான். கம்பி போட்ட மாப்பிள்ளைகளும் இங்கே இருப்பீர்கள், சிரிக்க வேண்டாம்.

பிளேட்டில் இரண்டு மூன்று தினுசு உண்டு. அண்ணத்தில் பதிகிற பிளாஸ்டிக்கும் முன்னால் ஓடுகிற கம்பியுமாக இருப்பது ஒன்று. ஹாலி என்ற அமெரிக்கப் பல் டாக்டர் 1919-இல் அதைப் பற்றி எழுதினார், அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. பல்லின் மேல் உறை மாதிரிக் கவ்வும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் இன்னொன்று. முன்பல்லுக்குப் பின்னால் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவதும் உண்டு; அது வெளியே தெரியாது, கழற்றவும் வேண்டாம். ஆனால் அதைச் சுற்றிக் காறை படியும், நன்றாகத் துலக்க வேண்டும். கரும்பு கடித்து இழுப்பது, கொட்டைப்பாக்கை உடைப்பது, பனங்கிழங்கை முன்பல்லால் உரிப்பது ஆகாது. ஒட்டுவிட்டால் நமக்குத் தெரியாமலே பல் நகரும். ஆகவே நாக்கால் அப்போதைக்கப்போது தடவிப் பாருங்கள்.

எத்தனை மணி நேரம் போட வேண்டும்? உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு. பலருக்கு முதல் சில மாதம் சாப்பிடுகிற நேரம், பல் துலக்குகிற நேரம் போகப் பகலும் இரவும் என்பார்; பிறகு இரவில் மட்டும். சிலருக்கு ஆரம்பத்திலிருந்தே இரவு மட்டும் போதும் என்பார். எத்தனை வருஷம் என்று கேட்டால், பல் நேராக இருக்க ஆசைப்படுகிற வரைக்கும் என்பதுதான் நேர்மையான பதில். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பல் எடுத்துக் கம்பி போட்ட 65 பேரை, பிளேட்டை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு கூப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கீழ் முன்பல் வரிசை சரியாக இல்லை என்று 1981-இல் எழுதினார்கள். கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ்ப்பல் நெருங்கத்தான் செய்யும். கடைவாயில் முளைக்கிற ஞானப்பல்தான் தள்ளுகிறது என்று நம்மவர்கள் பழி போடுவார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அது நிரூபணமாகவில்லை.

முதல் சில நாள் எச்சில் ஊறும், 'ச' சொல்லும்போது நாக்கு தட்டும். பேப்பரைச் சத்தம் போட்டு வாசியுங்கள், சீக்கிரம் சரியாகிவிடும். நாலு நாள் விட்டுப் போட்டுப் பார்த்து இறுக்கமாக இருந்தால், பல் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து விடாமல் போட்டு, டாக்டரையும் பாருங்கள். உட்காரவே மறுத்தால் கடித்து அமுக்காதீர்கள். வீட்டுக் குறடால் கம்பியை வளைப்பதும், சந்தையில் பல் கட்டுகிறவரிடம் கொடுத்துச் சரி செய்வதும் கூடவே கூடாது. விரிசல் விட்ட பிளேட்டைப் போட்டுத் தூங்கினால் துண்டு தொண்டைக்குள் போகும், ஜாக்கிரதை.

நான் பார்த்த அளவில் பிளேட்டு அதிகமாகத் தொலைகிற இடம் எது தெரியுமா? கல்யாணப் பந்தி! சாப்பிடக் கழற்றி, காகிதத்தில் சுற்றி இலை ஓரத்தில் வைப்பார்கள். எழுந்திருக்கும்போது இலையோடு சேர்த்து மடக்கிவிடுவார்கள். எச்சில் இலைக் கூடையைக் கிளறிக்கொண்டு நின்ற ஒரு தகப்பனாரை நானே பார்த்திருக்கிறேன். மூடி போட்ட டப்பா ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். வாயில் இல்லாவிட்டால் டப்பாவில் இருக்க வேண்டும், மூன்றாவது இடம் கிடையாது. திண்ணையில் வைத்தால் நாய் தூக்கிப் போய்க் கடித்துவிடும்; எச்சில் வாசம் அதற்குப் பிடிக்கும்.

வெந்நீரில் கழுவாதீர்கள், சித்திரை வெயிலில் காய வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கோணிவிடும், பிறகு பொருந்தாது. பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு போதும். சாம்பல், கரித்தூள், பல்பொடி கீறிவிடும், கீறலில் அழுக்குச் சேரும். வெற்றிலை பாக்குப் போட்டால் பிளேட்டு சிவந்து நாறும். பாக்கு வாய்க்கே கெடுதி, அது வேறு கூட்டத்துக்கான பேச்சு.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த மாதங்களில் சிலருக்கு ஈறு வீங்கும், துலக்கினால் ரத்தம் கசியும். பயந்துபோய் துலக்குவதையும் பிளேட்டையும் நிறுத்த வேண்டாம். பல் டாக்டரிடம் காட்டுங்கள், கர்ப்பமாக இருப்பதையும் சொல்லுங்கள். மசக்கையில் வாந்தி வந்தால் முதலில் தண்ணீரால் கொப்பளித்து, பிளேட்டைக் கழுவி, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். வாந்தியின் புளிப்பு பட்ட பல்லை உடனே தேய்த்தால் எனாமல் கரையும்.

பிளேட்டு தொலைந்தாலோ உடைந்தாலோ வீட்டில் அடி விழும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். திட்டாமல் அந்த வாரமே கூட்டிப் போங்கள். ஒரு வாரம் என்றால் புது அச்சு எடுத்துப் புதுப் பிளேட்டோடு முடியலாம், ஒரு வருஷம் என்றால் கம்பிதான். எங்கே காட்டுவது என்று தெரியாவிட்டால் உங்கள் ஊர் நர்ஸம்மாவையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள். பல்லை நேராக்குகிற வைத்தியம் பல் மருத்துவக் கல்லூரிகளில் நடக்கிறது. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும் உண்டு.

டிரங்குப் பெட்டியில் பழைய பிளேட்டு வைத்திருக்கிறவர்கள் யாரும் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாக வந்து சொல்லுங்கள். வீட்டுக்காரரையும் கூட அழைத்து வாருங்கள்.