வெள்ளைப்படுதலும் நம் சாப்பாடும்

(தோட்ட மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளத்துக்காகச் சத்தம்போட்டுப் பேசுகிற நாம், வெள்ளைப்படுதல், அரிப்பு என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். இன்றைக்கு அதையும் பேசுவோம்.

திரைந்த பால் மாதிரிக் கட்டியாக வெள்ளைபட்டு, அரிப்பும் எரிவும் இருந்தால், அது பெரும்பாலும் கண்டிடா என்ற பங்கசினால் வருவது. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாருடைய நடத்தையையும் இதை வைத்துப் பேசக் கூடாது. ஆனால் வருடத்தில் மூன்று, நான்கு தடவை திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி கூடினால் இந்தப் பங்கசு நன்றாக வளரும். நம் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் அதே ரொட்டி, இடையிடையே தேத்தண்ணி. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால், ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி. ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனியைக் குறைப்போம். ரொட்டியோடு பருப்பு, கீரை, நெத்தலி, முட்டை சேர்ப்போம்.

சீனியை விட்டால் மட்டும் வருத்தம் மாறிவிடாது. சீனி வருத்தம் இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டால்தான் இது வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அன்டிபயடிக் குளிசை, கர்ப்பம், நாள் முழுக்க ஈர உடுப்போடு நிற்பது ஆகியவையும் காரணமாகலாம். தயிர் சாப்பிடலாம், உள்ளே பூசக் கூடாது. பூண்டு, கிருமிநாசினி எதையும் உள்ளே வைக்கவும் கூடாது.

குடும்பநல உத்தியோகத்தரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இரத்தத்தில் சீனியைச் சோதிக்கச் சொல்லுங்கள். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள், அது இலவசம். கெட்ட வாடை, அடிவயிற்று வலி, இடையில் இரத்தம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

தோழியரே, முட்டையும் பருப்பும் வாங்கச் சம்பளம் வேண்டும். மழையில் நனைந்தால் உடுப்பு மாற்ற மலையில் ஓர் இடம் வேண்டும்; மலசலகூடமும் தண்ணீரும் வேண்டும். கிளினிக் போகிற நாளில் பெயர் வெட்டப்படக் கூடாது. இவையும் நம் சங்கத்தின் கோரிக்கைகள்தான். அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் இவற்றையும் மேசையில் வைப்போம்.